தெருவில் முன்பின் தெரியாதவரைப் படம் எடுக்கலாமா? எடுத்தால் போடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காகப் பெங்களூர் வந்த ஓர் இளைஞர் புதிதாகக் கேமரா வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை சிட்டி மார்க்கெட் போய், பூ விற்கும் ஓர் அம்மாவைப் படம் எடுத்தார். அந்த அம்மா தமிழிலேயே சத்தம் போட்டு, அழிக்கச் சொன்னார். இவர் அழிக்காமல் நகர்ந்து வந்துவிட்டார். கூடப் போன நண்பர், "பொது இடம்தானே, யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம், சட்டத்தில் தடை இல்லை" என்கிறார். இவருக்கு மனசு கேட்கவில்லை. நண்பர் சொல்வது சரியா, படத்தை இன்ஸ்டாகிராமில் போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

சட்டம் என்ற அளவில் நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. படத்தைப் போடலாமா என்றால், கூடாது. இந்த இரண்டு வரிக்கும் நடுவில் நிறைய இருக்கிறது. இந்த ஊர்த் தெருக்களில் வெகுகாலமாகப் படம் எடுக்கிறவன், புதிதாக வருபவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சட்டத்தை முடித்துவிடலாம். பொது இடத்தில் ஒருவரை அவர் அனுமதி இல்லாமல் படம் எடுப்பதே குற்றம் என்று சொல்லும் பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. சில குறிப்பிட்ட செயல்கள்தான் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பியிருக்கும் அந்தரங்கச் சூழலில் அவரைப் பார்ப்பதையும் படம் எடுப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. முதல் முறைக்கே குறைந்தது ஓர் ஆண்டு, அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. வேண்டாம் என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 78ஆவது பிரிவில் வரும். ஆண், பெண் யாராக இருந்தாலும் உடலின் அந்தரங்கப் பகுதியை அனுமதியின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவுப்படி குற்றம். ராணுவ இடங்களுக்கு 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இருக்கிறது. கன்டோன்மென்ட் பக்கம் ராணுவச் சுவர்கள் நிறைய இருக்கும் ஊர் இது. அங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1994இல் நக்கீரன் இதழ் தொடர்பான வழக்கில், தன்னைத் தன் பாட்டுக்கு விட்டுவிடச் சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அதை மீறுவது என்றும் நீதிமன்றம் சொன்னது. அடுத்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தந்த தீர்ப்பு. அந்த வழக்கைப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, பெங்களூரில் வாழ்ந்தவர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நிலைநாட்டிய அந்தத் தீர்ப்பிலேயே, ஒருவர் பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே அவர் அந்தரங்கம் இல்லாமல் போய்விடாது, அது மனிதரின் கண்ணியத்தோடு சேர்ந்தது என்ற கருத்தும் இருக்கிறது. இது முக்கியமாக அரசுக்கு எதிரான உரிமை. மார்க்கெட்டில் உங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் நேராக வந்து நிற்காது. ஆனாலும் "பொது இடம்தானே" என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடாது என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

நடைமுறையில் அந்த வாக்கியம் எவ்வளவு பலவீனமானது என்பதை இந்த ஊரே பார்த்துவிட்டது. 2025 மே மாதம், நம்ம மெட்ரோவில் பயணம் செய்யும் பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கின் மேல் வழக்குப் பதிவாகி ஒருவர் கைதானார். அதே ஆண்டு ஜூலையில் இன்னொருவர். சர்ச் ஸ்ட்ரீட் போன்ற இடங்களின் பரபரப்பைப் படம் பிடிப்பதுபோல் தோன்றும் வீடியோக்கள், ஆனால் கேமரா போனதெல்லாம் பெண்களின் பின்னால். அதில் இருந்த ஓர் இளம்பெண், தனக்கு ஆபாச மெசேஜ்கள் வருகின்றன என்று வெளிப்படையாக எழுதினார். என் கணக்கு எல்லோரும் பார்க்கிற மாதிரி இருப்பதால் என்னைத் தெருவில் எடுக்க நான் சம்மதித்ததாக ஆகாது என்பது அவர் வாதம். முழுக்க நியாயமான வாதம். இரண்டு இடமும் பொது இடம். இரண்டிலும் கைது நடந்தது.

சரி, இப்போது அந்த அம்மா ஏன் கோபப்பட்டார் என்று பார்ப்போம். என்னைப் பொறுத்தவரை உங்கள் கேள்வியில் கனமான பகுதி இதுதான்.

விடிகாலை நாலு, அஞ்சு மணிக்கு சிட்டி மார்க்கெட் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த சாமந்தி மூட்டைகள் அவிழ்ந்து கிடக்கும். கால் வைக்கிற இடமெல்லாம் ஈரமும் நசுங்கிய இதழும். தலைச்சுமையோடு வருபவர் "வழி, வழி" என்று கன்னடத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டே போவார். மாடிக் கைப்பிடிச் சுவரோரம் கேமராக்கள் வரிசையாக நிற்கும், ஏனென்றால் மேலிருந்து பார்த்தால் கீழே மஞ்சளும் ஆரஞ்சும் வட்டம் வட்டமாக அவ்வளவு அழகு. அந்தப் படங்களில் கீழே இருப்பவர்கள் நிறத்துக்கு நடுவே ஒரு தலை, ஒரு கை, அவ்வளவுதான். அவர்களுக்கும் அது தெரியும். ராத்திரித் தூக்கத்தை விட்டு, அன்றைய விலை ஏறுமா இறங்குமா என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும்போது, பூ வாங்க வராத ஒரு கூட்டம் தினமும் தன்னைப் பார்த்துவிட்டுப் போகிறது.

அதோடு, அந்த இடத்தில் கேமரா என்றால் என்ன அர்த்தம் என்றும் யோசியுங்கள். நடைபாதையில் கூடை வைப்பவருக்கு அது மாநகராட்சி ஆளாக இருக்கலாம். நாளைக்குக் கடையை எடு என்று வரும்போது நீட்டப்போகும் சாட்சியாக இருக்கலாம். தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நிலைமை அதனால் முழுக்க மாறிவிடவில்லை. ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரில் பூ மூட்டை ஏற்றிப் போகும் பையனுக்குக் கேமரா என்றால் அபராதம். பொதுமக்கள் எடுத்து அனுப்பும் படத்தை வைத்தே போக்குவரத்துப் போலீஸ் அபராதம் போடும் ஊர் இது. சின்னப் பையனான அக்கா மகனைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கும் கடைக்காரருக்கு அது தொழிலாளர் துறை. சிவாஜி நகரில் ரசல் மார்க்கெட் பக்கம் இறைச்சிக் கடைகளில் கேமராவைப் பார்த்ததும் முகம் இறுகுவதற்கும் காரணம் உண்டு. 2021இல் கர்நாடகத்தில் கால்நடை வதைத் தடுப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்ட பிறகு, யார் எடுத்த படம் எந்தக் குழுவில் என்ன வாசகத்தோடு சுற்றும் என்ற பயம் அங்கே நிஜமான பயம். சட்டப்படியான வியாபாரம் செய்பவருக்கும் அது இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, நாம் எளிதில் மறந்துவிடுவது. இந்த ஊரில் கூலி வேலை, வீட்டு வேலை, குப்பை அள்ளும் வேலை செய்யும் தமிழர்களில், ஊரில் இருப்பவர்களிடம் அதைச் சொல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். "பெங்களூரில் கம்பெனியில் வேலை" என்று சொல்லி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் போடும் படம் தர்மபுரியிலோ திருப்பத்தூரிலோ ஒரு உறவுக்காரர் கையில் இருக்கும் போனில் திறக்கும். கடன் கொடுத்தவன் கண்ணில் படாமல் இருக்க வந்தவர், அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு வந்தவர், இவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து இதையெல்லாம் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. "வேண்டாம்" என்று சொல்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே உங்கள் படத்தை அழித்துவிடுங்கள். அழிப்பது என்றால் முழுமையாக. கேமராவில் இரண்டு கார்டு போட்டு இரண்டிலும் பதிவாகும்படி வைத்திருந்தால் இரண்டிலும் அழிக்க வேண்டும். ஒரே படம் ரா (RAW), ஜேபெக் (JPEG) என்று இரண்டு வடிவக் கோப்பாகப் பதிவாகியிருந்தால் இரண்டும் போக வேண்டும். ஏற்கெனவே போனுக்கு மாற்றியிருந்தால், டெலிட் செய்ததும் அது போய்விடாது. "சமீபத்தில் அழித்தவை" என்ற இடத்தில் வாரக்கணக்கில் கிடக்கும், அங்கிருந்தும் நீக்குங்கள். இனிமேல் யாராவது அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே, திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, அழித்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகருங்கள். சட்டப்படி நீங்கள் அழிக்கக் கடமைப்பட்டவர் இல்லை என்று நண்பர் சொல்வார். உண்மைதான். ஒரு மனிதரின் முகத்தை அவர் எதிர்ப்பையும் மீறி வைத்துக்கொள்ளும் அளவுக்கு முக்கியமான படம், செய்தியாளர் வேலையில் எப்போதாவது வரும். ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் படங்களில் வராது.

இங்கேதான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று வருகிறது. எடுப்பது வேறு, போடுவது வேறு. ஒன்றுக்குக் கிடைத்த அனுமதி மற்றதற்குச் செல்லாது. பூக்காரம்மா சிரித்துக்கொண்டே "எடுத்துக்கோப்பா" என்றால், அவர் மனதில் இருப்பது நீங்கள் வைத்துக்கொள்ளும் ஒரு படம். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்து, சேமித்து, வெட்டி ஒட்டி, வேறு பக்கத்தில் போடும் ஒரு படம் அவர் மனதில் இல்லை. பிலிம் காலத்தில் தெருவில் எடுத்த படம் பெரும்பாலும் பெட்டிக்குள் கிடந்தது, மிஞ்சிப்போனால் ஒரு கண்காட்சிச் சுவருக்குப் போனது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் கேமராவை ஒளித்து வைத்துப் பயணிகளைப் படம் எடுத்தார். அவை புத்தகமாக வந்தது 1966இல். ஒளித்து எடுத்ததை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கால் நூற்றாண்டு காத்திருந்தார். இன்று எடுத்த நிமிடத்திலேயே இடத்தின் பெயரோடு போட்டுவிடுகிறோம். படத்தில் இருப்பவர் அப்போதும் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார். ஒரு முகத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித்தரும் சேவைகளும் வந்துவிட்டன. படத்தில் இருக்கும் பெண்ணின் முகத்தை எடுத்து ஆபாசப் படமாக மாற்றும் கருவிகளும் வந்துவிட்டன. பெண்கள் கேமராவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பழமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் காலத்தை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

"போடுவதற்கும் கேட்டால் பிறகு தெருப்படமே எடுக்க முடியாதே" என்பீர்கள். முடியும். கூட்டம், நிழல், முதுகு, கைகள், மழையில் ஓடும் கால்கள், எம்.ஜி. ரோட்டில் பஸ் கண்ணாடியில் விழும் பிம்பம், இவற்றுக்கெல்லாம் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஒரு தனி மனிதர் அடையாளம் தெரியும்படி படத்தின் மையமாக இருக்கும்போதுதான் இந்தக் கேள்வியே வருகிறது. அங்கேயும் நான் கண்டிப்பான விதி எதுவும் சொல்லமாட்டேன். கரகத் திருவிழா இரவில் தர்மராயசாமி கோயில் தெருவில் வாளோடு வரும் வீரகுமாரர்களை எடுக்கிறீர்கள் என்றால், அவர்கள் ஊர் பார்க்க ஊர்வலம் வருகிறவர்கள். பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை என்னும் கடலைச் சந்தை நடக்கும் நாளில் கடலைக் குவியலுக்குப் பின்னால் சிரிக்கும் விவசாயி, மேடையில் நிற்கும் அரசியல்வாதி, மாரத்தான் ஓடுகிறவர் எல்லாரும் அப்படித்தான். பார்க்கப்படத் தயாராக வந்தவருக்கும், தன் வேலையைப் பார்க்க வந்தவருக்கும் இருக்கும் வித்தியாசத்தைக் கொஞ்ச நாளில் உங்கள் கண்ணே பழகிக்கொள்ளும்.

மற்றபடி சில இடங்களில் நான் கேமராவை இறக்கிவிடுவேன், கூட வருபவர்களையும் இறக்கச் சொல்வேன்.

நடைபாதையில் தூங்குபவர்கள் முதலில். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் எல்லோரும் எடுக்கும் படம் இது, கறுப்பு வெள்ளையில். வீடு உள்ளவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். வீடு இல்லாதவருக்குச் சாத்துவதற்குக் கதவு இல்லை. அவருடைய படுக்கையறை அந்த நடைபாதைதான். "பொது இடம்" என்ற வாதம் அவரிடம் வரும்போது, ஏழையாக இருந்தால் அந்தரங்கம் கிடையாது என்ற அர்த்தத்துக்கு வந்துவிடுகிறது. வறுமையைப் பதிவு செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்கிறவர்கள் மாதக்கணக்கில் அந்த மனிதர்களோடு பழகி, பெயர் தெரிந்து, கதை தெரிந்து செய்கிறார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டாரதியா லேஞ்ச் 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' உலகத்திலேயே புகழ்பெற்ற படங்களில் ஒன்று. லேஞ்ச் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருத்தப்பட்டார். அந்தப் படம் நல்லது செய்ததும் உண்மை, பசியோடு இருந்த அந்த முகாமுக்கு அரசாங்கம் உணவு அனுப்பியது. இரண்டு உண்மையையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கப்பன் பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜோடி அடுத்தது. வெளிச்சம் அழகாக விழும், மரமும் அழகு, அவர்களும் அழகு. ஆனால் வேறு சாதி, வேறு மதம் என்ற காரணத்துக்காகப் பிள்ளைகளைக் கொல்லும் குடும்பங்கள் இருக்கும் நாடு இது. அவர்கள் வீட்டுக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கலாம். உங்கள் படம் அவர்கள் உயிரோடு சம்பந்தப்பட்டது. முகம் தெரியும்படி எடுக்காதீர்கள், எடுத்துவிட்டால் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றவரிடம் கேட்க வேண்டும், குழந்தையிடமும் கேட்க வேண்டும். ஸ்கூல் யூனிபார்ம், பெயர்ப்பலகை, வீட்டு எண் தெரிகிற படம் வேண்டவே வேண்டாம். சிக்னலில் பிச்சை எடுக்கும் பிள்ளையை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகப் பார்க்கிறது. விசாரணையில் இருக்கும் அப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். உங்கள் பாதுகாப்பும் இதில் இருக்கிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்ஆப் வதந்தி பரவியிருந்த நேரத்தில், வேலை தேடி ராஜஸ்தானிலிருந்து வந்த ஓர் இளைஞரைச் சாமராஜப்பேட்டையில் கும்பல் அடித்துக் கொன்றது. நீங்கள் படம் எடுத்த மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தூரம் அது. முன்பின் தெரியாத ஆள் பிள்ளைகளைச் சுற்றிக் கேமராவோடு நிற்பதை அந்தத் தெருவில் இருப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே புரியும்.

கோயில் திருவிழாவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் அது. ஆடி மாதத்தில் இந்த ஊரின் தமிழ்க் குடியிருப்புகளில் இருக்கும் அம்மன் கோயில்களுக்குப் போனால், பறையும் உடுக்கையும் வேகம் எடுக்கும்போது ஒரு பெண்ணுக்குச் சாமி வரும். முடி அவிழும், புடவை விலகும், கண் மேலே சொருகும். பக்கத்தில் இருக்கும் அக்காவோ அண்ணியோ முந்தானையை இழுத்துச் செருகி, இடுப்பில் துண்டைக் கட்டிவிடுவார். அந்தக் கையைக் கவனியுங்கள். கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த மரியாதை அந்தக் கையில் இருக்கிறது: அவள் இப்போது தன் வசம் இல்லை, அவளை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் ஒருவர் அகல லென்ஸோடு அவள் முகத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் குனிந்தால், அந்த மரியாதையை உடைக்கிறார். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவரிடம் சம்மதத்தை ஊகிக்கக் கூடாது. தள்ளி நின்று கூட்டத்தோடு சேர்த்து எடுங்கள். புடவை விலகிய படங்களைத் தூக்கிப் போடுங்கள். சாமி மலையேறி, தண்ணீர் குடித்து, திண்ணையில் சாய்ந்த பிறகு போய், "அக்கா, தூரத்துல இருந்து எடுத்தேன், பாக்குறீங்களா?" என்று காட்டுங்கள். பெரும்பாலும் வாங்கிப் பார்ப்பார், பெரிது பண்ணச் சொல்வார், அனுப்பச் சொல்வார். சிலர் வேண்டாம் என்பார்கள். அலகு குத்திக்கொள்பவர், தீ மிதிப்பவர், இவர்களை எடுத்து "விசித்திர வழக்கம்" என்ற தொனியில் தலைப்பு வைத்துப் போடுவதும் தவறு. படம் பொய் சொல்லாவிட்டாலும் தலைப்பு பொய் சொல்லிவிடும். தெரியாத ஒருவரின் முகத்துக்குக் கீழே "சோகம்", "தனிமை", "பசி" என்று எழுதாதீர்கள். அவர் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்திருப்பார்.

இனி எப்படிக் கேட்பது, எப்படிப் பழகுவது. உங்களுக்குத் தமிழ் இருப்பது பெரிய வசதி. சிட்டி மார்க்கெட், அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் எங்கே போனாலும் தமிழ் பேசுபவர் இருப்பார். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் முகமே மாறும். கன்னடத்தில் "ஒந்து ஃபோட்டோ தெகீபஹுதா?" என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள், "பேடா" என்றால் வேண்டாம் என்று அர்த்தம், கேட்டதும் நகர்ந்துவிடுங்கள். கேட்டால் இயல்பு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கேட்டதும் எல்லோரும் நேராக நிமிர்ந்து விறைத்து நிற்பார்கள், அது உண்மை. அந்த முதல் படத்தை எடுத்துக் காட்டிவிட்டு, அங்கேயே நில்லுங்கள். பூ வாங்குங்கள், டீ குடியுங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் உங்களை மறந்து வாழைநாரை உதறிப் பூக் கட்ட ஆரம்பித்துவிடுவார். அப்போது கிடைக்கும் படம் திருட்டுத்தனமாக எடுத்த எதையும்விட நன்றாக இருக்கும். நேரில் கேட்க முடியாத வேகத்தில் ஏதாவது நடந்தால் எடுத்துவிட்டுப் பிறகு கண்ணைப் பார்த்துத் தலையசையுங்கள். ஓடாதீர்கள். ஓடுபவன்தான் திருடன் என்று கூட்டம் முடிவு செய்யும், அதில் தவறும் இல்லை.

தூர லென்ஸ் போட்டு எதிர் நடைபாதையிலிருந்து முகங்களைப் பறிப்பதை நான் விரும்புவதில்லை. 28 அல்லது 35 மில்லிமீட்டர் போன்ற அகல லென்ஸோடு பக்கத்தில் போனால் நீங்கள் எடுப்பது அவருக்கும் தெரியும், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் அவருக்கு இருக்கும். போனைக் காதில் வைத்துப் பேசுவதுபோல் நடித்து எடுப்பது, இடுப்பு உயரத்தில் ஒளித்து எடுப்பது இரண்டும் வேண்டாம். மறைக்கத் தோன்றினாலே அந்தப் படத்தை எடுக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வேஷம் கட்டி வருபவர், மேளம் அடிப்பவர், பூம்பூம் மாட்டுக்காரர், இவர்களுக்கு அது தொழில், கொடுத்துவிட்டு எடுங்கள். மற்றவர்களிடம் படத்துக்கு விலை பேசாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். போஸ்ட்கார்டு அளவுப் பிரிண்டுக்கு ஸ்டுடியோவில் ஆகும் செலவு ஒரு டீச் செலவு அளவுதான். போனிலேயே எல்லாம் பார்க்கும் இந்தக் காலத்திலும் கையில் ஒரு பிரிண்ட் கிடைத்தால் அதை அப்படியே பக்கத்துக் கடைக்கெல்லாம் காட்டிவிட்டு வருவார்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது அந்த வரிசையில் நீங்கள் வெளியாள் கிடையாது. விற்பதற்கோ விளம்பரத்துக்கோ படத்தைக் கொடுப்பதாக இருந்தால் வாய்ச் சம்மதம் போதாது, அவருக்குப் புரியும் மொழியில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். கிடைக்கும் பணத்தில் அவருக்கும் பங்கு கொடுப்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

கூட்டம் கூடிவிட்டால் சட்டம் பேசாதீர்கள். படத்தைக் காட்டுங்கள், அழியுங்கள், உங்கள் பெயரையும் வேலையையும் சொல்லுங்கள். உங்கள் போனையோ கேமராவையோ பிடுங்கிக்கொள்ளப் பொதுமக்கள் யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் அதை அந்த நிமிடத்தில் நிரூபித்து ஆகப்போவதும் ஒன்றும் இல்லை. நிலைமை மோசமானால் பக்கத்துக் காவல் நிலையத்திலேயே பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அங்கே போய்விடுங்கள்.

கடைசியாக, இதைப் படிப்பவர்களில் படம் எடுக்கப்பட்டவர்களும் இருக்கலாம். உங்களை யாரோ எடுத்துப் போட்டிருப்பதைப் பார்த்தால், முதலில் அந்தப் பதிவின் முகவரியையும் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட்டோடு சேமித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் கேட்டதும் அவர்கள் அழித்துவிட்டு வேறு பெயரில் வரலாம். பிறகு நீக்கச் சொல்லி எழுதுங்கள். கேட்காவிட்டால் அந்தத் தளத்திலேயே புகார் கொடுங்கள். இந்தியாவில் செயல்படும் சமூக ஊடக நிறுவனங்கள் குறைதீர்ப்பு அதிகாரியை வைத்திருக்க வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டு விதி. ஆபாசமாக எடுத்திருந்தாலோ, மாற்றியிருந்தாலோ, பின்தொடர்ந்து எடுத்திருந்தாலோ மத்திய அரசின் சைபர் கிரைம் போர்ட்டலிலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். படம் எடுத்தவர் பக்கம் இருப்பவர்களுக்கு: ஆறு மாதம் கழித்து ஒருவர் "அது நான்தான், எடுத்துவிடுங்கள்" என்று எழுதினால், லைக் எவ்வளவு வந்திருந்தாலும் அன்றே எடுத்துவிடுங்கள். அந்தப் படத்தை உங்களிடமிருந்து வாங்கிப் போட்ட பக்கங்களுக்கும் நீங்களே எழுதி எடுக்கச் சொல்லுங்கள், அந்த வேலையை அவர் தலையில் விடாதீர்கள்.